நெற்றி இல்லாத மொனிட்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் எல்லாம் நிறையப் படித்தவர்கள். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் தவறி, அதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கடையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் விலை கேட்கக்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் மணியடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது அடிப்பார்களா என்று பார்த்திருந்து, அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வீட்டுக்கு மொனிட்டர் வாங்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது பல பேர். அதில் ஒருவராவது நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை ஆலையில் நான் இருபத்திரண்டு வருடமாகக் குச்சி பொறுக்குகிறேன். காய்ந்து சலித்து வரும் தேயிலையில் காம்பும் நாரும் கலந்திருக்கும். மெஷின் பெரும்பாலானதை எடுத்துவிடும். மெஷினுக்குத் தப்பியதை நாங்கள் ஜன்னலோரம் தட்டு வைத்து உட்கார்ந்து கையால் எடுப்போம். கறுப்புத் தூளுக்குள் மயிரளவு சிவப்புக் குச்சி கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருடத்தில் அந்தக் கண் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் தோளில் ஒட்டியிருக்கிற நூல்தான் எனக்கு முதலில் தெரியும். போய் எடுக்க வெட்கம். எடுக்காமல் இருக்கவும் முடியாது. தாலி கட்டி முடிகிறவரைக்கும் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரே மகள். உயர்தரம் முடித்து, ஹட்டனில் ஒரு வருடம் கம்பியூட்டர் படித்தாள். இணையத்தில் சாமான் விற்கிற கடைகளின் படங்களைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் ஒரு கொழும்பு ஒபீசில் அவளுக்கு வேலை கிடைத்தது. கோப்பை, செருப்பு, கைப்பை என்று படம் வரும். அதில் இருக்கிற தூசு, புள்ளி, கீறல் எல்லாவற்றையும் இவள் இங்கேயிருந்து அழித்து அனுப்ப வேண்டும். என்ன வேலை என்று அவள் எனக்கு விளக்கத் தொடங்கியபோது பாதியிலேயே புரிந்துவிட்டது.

"குச்சி பொறுக்குறதுதானே?" என்றேன்.

"போங்கம்மா, அதுவும் இதுவும் ஒன்னா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னுதான்," என்றாள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்று பேச்சு. அவளிடம் இருந்தது அவளுடைய மாமா பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய லெப்டொப். அதன் திரை சின்னது, நிறமும் மங்கிப்போனது. அனுப்பிய படங்களில் பல, புள்ளி இருக்கிறது என்று திரும்பி வந்தன. மாதக் கடைசியில் ஒபீசில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் நல்ல மொனிட்டர் ஒன்று வைத்து, அன்றைக்கு அனுப்புகிற படங்களைச் சரியாகச் செய்து காட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இல்லையென்றால் கொழும்புக்கு வந்து ஒபீசில் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கொழும்பு என்றால் போர்டிங். ஒரு அறையில் எட்டுப் பேர், குளிக்க வரிசை. என் தங்கச்சி மகள் அப்படி இருந்து, நாலு மாதத்தில் பாதியாகித் திரும்பி வந்தாள். என் மகளுக்குப் போக விருப்பமில்லை. அவளை அனுப்ப எனக்கு அதைவிட விருப்பமில்லை. ஆனால் நான் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அதற்கும் வெட்கம்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போனோம். போவதற்கு முன்னால் தையல் டேப்பை எடுத்து லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் மேசைக்கு இருக்கிற இடத்தை அளந்தேன். அரிசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருபத்திரண்டு அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட இடமில்லை.

கடை ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கடைக்காரர் வயதான முஸ்லிம் மனிதர். தொப்பிக்கு மேலே குளிருக்கு மப்ளரும் சுற்றியிருந்தார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மொனிட்டர் ஒன்னு வேணும் நானா. வீட்டுல இருந்து வேல செய்றதுக்கு," என்றாள் மகள்.

"என்ன வேல மகள்? எழுத்து வேலையா, கேம் வெளயாடுறதுக்கா?"

"படம் துப்புரவாக்குறது."

"அப்ப நெறம் சரியா ஈக்கணும். அளவு?"

"இருபத்திநாலு இஞ்சி."

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். இருபத்திரண்டில் இருபத்திநாலு எப்படிப் போகும்? அவள் திரும்பி என் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவரிடம் சொன்னாள். அவர் டேப்பை எடுத்து ஒரு மொனிட்டரை மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து காட்டினார். அதுதான் இருபத்திநாலாம். அகலம் இருபத்தொன்றுதான். துணிக்கடையில் இப்படிக் குறுக்கே அளந்து கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இடம் சரிவந்ததில் சந்தோஷம்.

எங்களிடம் இருந்த காசுக்குப் புதியதில் சின்னது வரும், பாவித்ததில் பெரியது வரும் என்றார். பாவித்தது என்றால் வெளிநாட்டு ஒபீசுகளில் வைத்திருந்து, மாற்றும்போது மொத்தமாக இங்கே வருவது. "நல்ல சாமான். புள்ளி, கீறல் ஈக்கிதா பாத்து எடுங்க. ஒரு மாசம் வொரண்டி," என்று சொல்லி ஒன்றைப் போட்டுத் திரை முழுவதும் வெள்ளையாக்கிக் காட்டினார்.

பார்த்து எடுங்க என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

முதலாவதில் வலது ஓரம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. மகளின் முழங்கையைத் தொட்டேன். "அம்மா ஓரத்துல மஞ்சளா இருக்குங்கிறாங்க." அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "ஓ, ஈக்கிது," என்று இறக்கி வைத்தார். இரண்டாவதில் கீழ் மூலையில் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி. அதை அவருக்குக் காட்ட, மகளின் பேனா முனையை அந்த இடத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் புள்ளி இல்லை. நான் தேயிலைத் தட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்து கீழே இருந்து பார்த்தேன். வெள்ளை சாம்பலாகிவிட்டது. நிமிர்ந்தால் மறுபடி வெள்ளை.

"அது ஒரு வகப் பெனல் அக்கா. நேரா பாத்தா ஒன்னுமில்ல. குனிஞ்சா நெறம் மாறும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அவர் மப்ளரை அவிழ்த்து வைத்துவிட்டு மகளிடம் கேட்டார். "செல்லுங்க மகள், உம்மா எங்க வேல செய்றாங்க?"

"ஸ்டோர்ல. குச்சி பொறுக்குறாங்க."

"அதானே பார்த்தேன். முந்தியே செல்லியிருந்தா கடைய பூட்டிட்டுப் போயிருப்பேன்."

நாலாவது ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தார். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று எல்லா நிறத்தையும் போட்டார். நேராக, பக்கவாட்டில், குனிந்து, எட்டி, எப்படிப் பார்த்தாலும் நிறம் நிறமாகவே இருந்தது. எங்கள் காம்பராவில் கடை அளவுக்கு வெளிச்சம் இல்லை என்று மகள் மூலமாகச் சொல்லி, லைட்டையும் அணைக்க வைத்தேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. அதிலும் அழகு, விளிம்பே இல்லை. மூன்று பக்கமும் திரை கடைசிவரைக்கும் போனது. கீழே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. அதில் கம்பெனி பெயரும் பொத்தான்களும்.

"இதுலயும் ஒன்னு கண்டுபிடிச்சீங்கன்னா, நாளைல இருந்து இங்கேயே வேலைக்கு வந்துடுங்க," என்றார்.

எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் உள்ளே வைத்துக் கட்டித் தந்ததை, கொண்டுபோயிருந்த கம்பளியால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றைத் தள்ளி ஒன்றை எடுத்தவள் அல்லவா.

இனிமேல்தான் என் புத்தி செய்த வேலை.

எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் பாவிப்போம். தையல் மெஷினுக்கு வைத்தது இன்னும் இருக்கிறது. டிவி, ரைஸ் குக்கர், மகளின் லெப்டொப், எல்லாவற்றுக்கும் நெற்றி பார்த்துப் பொட்டு வைத்தது நான்தான். மகள் மொனிட்டரை மேசையில் நிறுத்திவிட்டு, வெளியே பீலிக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றேன். வைக்க இடமில்லை. மேல் பக்கத்தில் விளிம்பே கிடையாதே. கீழே பட்டை இருந்தது, ஆனால் அது தாடை. தாடையில் யாராவது பொட்டு வைப்பார்களா? வைக்காமல் விடவும் மனம் வரவில்லை. நான், மகள், வீட்டுக்காரர் மூன்று பேருடைய யோசனையும் கொழும்பு, திங்கட்கிழமை என்று இதன்மேல்தான் இருந்தது. மற்றதற்கெல்லாம் வைத்துவிட்டு இதற்கு வைக்காமல் விட்டால் எப்படி?

திரையின் மேலே, நடுவில், ஓரத்தை ஒட்டி வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

கும்பிட்டு நிமிர்ந்த பிறகுதான், அது படம் வருகிற இடம் என்று உறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். சந்தனம் இழுபட்டது. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். குங்குமம் கரைந்தது. ஜரிகைப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்தேன். திரை அணைந்து கறுப்பாக இருந்ததால் எதுவும் தெரியவில்லை. போய்விட்டது என்று நினைத்து அடுப்படிக்குப் போனேன்.

பொழுது சாய்கிற நேரம் மகள் பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். வெள்ளைத் துணிமேல் வெள்ளைக் கோப்பை, அதுதான் படம். பத்து நிமிடமாக ஒரே இடத்தில் மவுசைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தப் புள்ளி அழிய மாட்டேங்குது. படத்தப் பெருசாக்குனா எல்லாம் பெருசாகுது, இது மட்டும் அப்படியே இருக்கு."

நான் அடுப்பில் எதையோ கிண்டினேன். ஒன்றும் இல்லாத சட்டியைக் கிண்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

படத்தை மாற்றினாள். கோப்பை போய்ச் செருப்பு வந்தது. புள்ளி போகவில்லை. "இது படத்துல இல்லம்மா. மொனிட்டர்ல இருக்கு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். அவருக்கும் ஸ்டோரில்தான் வேலை, தேயிலை காயவைக்கிற அடுப்புப் பக்கம். "பாத்து வாங்கலையா?" என்றார்.

"அம்மாதான் பாத்தாங்க. மூணு மொனிட்டர வேணான்னுட்டாங்க."

"அப்ப அந்த நானா கட்டுறப்ப வேற ஒன்ன மாத்திக் கட்டியிருக்கணும். ஒங்கம்மா கண்ணுக்கு ஒன்னு தப்புமா? சோத்துல ஒரு கல்லு இருந்தா, நான் கடிக்க முந்தி இவ எடுத்துருவா."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் கண்ணைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான். அந்த நேரம் பார்த்தா புகழ வேண்டும்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட வாங்க," என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கம்பளி, மறுபடி பஸ். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். "மாத்தித் தரலன்னா கொழும்புதாம்மா," என்றாள் ஒரு தடவை. ஒவ்வொரு வளைவிலும், இந்த வளைவு தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நோர்வூட்டுக்கும் ஹட்டனுக்கும் நடுவில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அத்தனையும் வீணாகப் போயின.

கடையில் மகள் படபடவென்று பேசினாள். "நானா, நேத்து நல்லதக் காட்டிட்டு வேற ஒன்னக் கட்டியிருக்கீங்க. புள்ளி இருக்கு."

அவர் கோபப்படவில்லை. மொனிட்டரைப் போட்டு வெள்ளையாக்கினார். மேலே நடுவில் மங்கலாகச் சிவந்த ஒரு வட்டம். கண்ணாடியைப் போட்டார். விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகள், மொனிட்டர் பழுதானா சந்தனம் மணக்குமா?"

மகளும் திரும்பி என்னைப் பார்த்தாள். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் பார்த்தார்கள். இதற்கு மேல் நான் யாருக்குப் பின்னாலும் ஒளிந்து நிற்க முடியாது.

"நான்தான் வச்சேன்," என்றேன். "நெத்தி இல்ல. அதான் அதுல வச்சேன். நானா மேல தப்பில்ல."

மகள் மொனிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு மெல்லிய துணியில் தண்ணீர் தொட்டு, பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் துடைத்தார். சிவப்பு போய்விட்டது. ஆனால் ஜரிகையால் நான் தேய்த்த இடத்தில் மிளகளவுக்கு ஒரு பளபளப்பு நின்றது. வெள்ளையில் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

"இது போகாது அக்கா. மேல் பூச்சு தேஞ்சிட்டுது. வொரண்டிலயும் வராது. பொட்டுக்கு வொரண்டி குடுக்குற கம்பெனி இன்னும் வரல்ல."

நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. கம்பளியை மடிக்கத் தொடங்கினாள். நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தாள். இன்னொன்று வாங்க எங்களிடம் காசு கிடையாது. நாளைக்குக் காலை எட்டரைக்குப் படம் வந்துவிடும்.

நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் குச்சி பொறுக்கும் தட்டில் சில வேளை ஒரு பக்கம் பிய்ந்திருக்கும். புதுத் தட்டு கேட்டால் வரும்போது வரும். அதுவரைக்கும் பிய்ந்த பக்கத்தைத் தூள் விழாத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்வோம். மொனிட்டரில் படம் வராத பக்கம் எது? மகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். படம் மேலேயும் நடுவிலும் இருக்கும். திரையிலேயே கீழே ஒரு பட்டையில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அங்கே படம் வராது.

"நானா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "இத தலைகீழா மாட்ட ஏலாதா?"

அவர் மொனிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதைத் துணிமேல் குப்புறப் படுக்கவைத்து, முதுகிலிருந்த நாலு திருகாணிகளைக் கழற்றினார். மொனிட்டர் நிற்கிற காலை மறுபக்கமாகத் திருப்பி வைத்து, அதே ஓட்டைகளில் பூட்டினார். நிமிர்த்திப் போட்டபோது திரையில் இருந்த எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. மவுசை மேலே தள்ளினால் அம்பு கீழே போனது. மகள் அதைத் துரத்திப் பிடித்து எங்கேயோ போய் எதையோ அழுத்தினாள். படம் ஒருமுறை கறுத்து, நேராக நின்றது.

புள்ளி கீழே போய்விட்டது. பொத்தான் வரிசைக்கு நடுவில், எங்கே இருக்கிறது என்று நான் மட்டுமே சொல்லக்கூடிய மாதிரி. கம்பெனி பெயர் மேலே தலைகீழாக நின்றது. பின்னால் வயர்கள் மேலேயிருந்து சடை மாதிரித் தொங்கின.

"நேத்து அந்த மூணாவது மொனிட்டர எடுத்திருந்தா இது சரிவந்திரிக்காது," என்றார் அவர். "அது தலகீழா வச்சா நெறம் மாறும். அக்கா குனிஞ்சு பாத்தது வீண் போகல்ல." பிறகு மேலே வந்துவிட்ட கறுப்புப் பட்டையில் விரலால் தட்டினார். "இப்ப நெத்தி ஈக்கிது. வைக்கிறத இங்க வைங்க."

திருகாணி பூட்டியதற்கு எதுவும் வாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா குச்சி பொறுக்கிட்டு, கடைசியில நீங்களே ஒரு குச்சியப் போட்டீங்களே," என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"அப்பாகிட்டதான் மொதல்ல சொல்வேன்."

சொன்னாள். அவர் தேநீரைக் குடித்து முடிக்கிறவரைக்கும் சிரிக்காமல் இருந்தார். பிறகு நெடுநேரம் சிரித்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல், கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இந்த முறை மகள் துணியால் திரையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டரைக்கு நாற்பது படங்கள் வந்தன. மகள் மத்தியானம் முடித்து அனுப்பினாள். இரண்டு திரும்பி வந்தன, திருத்திக் கொடுத்தாள். நாலு மணிக்கு, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஒபீசிலிருந்து மெயில் வந்தது. நான் ஸ்டோரில் இருந்தேன். அன்றைக்கு மழை; நனைந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் செய்தி தெரிந்தது.